லேகியம் வேண்டாம், டீச்சருக்குப் பயிற்சி வேண்டும்!

"பையனுக்கு ஞாபகசக்தியே இல்லை டாக்டர். வல்லாரை லேகியம் கொடுங்க" என்றார் ஒரு தாய். மூன்றாம் வகுப்புப் பையன். கதை சொல்லச் சொன்னேன், அழகாகச் சொன்னான். புத்தகத்தைக் கொடுத்தேன், திணறினான். ஞாபகசக்தி இருக்கு, எழுத்துதான் பிடிபடலை! கண், காது பரிசோதனையில் கோளாறில்லை. 'டிஸ்லெக்சியா' எனும் கற்றல் குறைபாடு என்றார் நிபுணர்.

இதற்கு லேகியம் கிடையாது. பயிற்சி பெற்ற ஆசிரியர்தான் மருந்து. அதே வகுப்பிலேயே எழுத்தையும் ஒலியையும் சேர்த்துப் படிப்படியாகச் சொல்லித் தருவார். எழுதக் கூடுதல் நேரம் தருவார். வாய்மொழியாகவும் பதில் கேட்பார். எல்லார் முன்பும் வாசிக்கச் சொல்லிக் கூனிக்குறுக வைக்க மாட்டார்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 21 வகைக் குறைபாடுகளில் இதையும் சேர்த்திருக்கிறது. ஆசிரியர்களுக்கு அரசு பயிற்சி தர வேண்டும் என்கிறது. ஆகவே, "மக்கு" என்று பிள்ளையைத் திட்டுமுன், பள்ளிக்கூடத்தில் கேளுங்கள்: "எங்க டீச்சர் அந்தப் பயிற்சி எடுத்திருக்காங்களா?"