தராசும் தோட்டாவும்

பொன் வாணிபம் நடைபெறும் இடங்களிலே தராசைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பதை நம்மிற் பலர் கண்டிருப்போம். காற்று அசைந்தால் தட்டு அசையும். தட்டு அசைந்தால் கணக்குப் பிசகும். ஒரு குன்றிமணி கூடினாலும் குறைந்தாலும் கொடுப்போனுக்கோ கொள்வோனுக்கோ நட்டமாகும். இதனாலன்றோ நம் முன்னோர் குன்றிமணியையும் மஞ்சாடியையும் எடைகளாகக் கொண்டு, சிற்றளவையும் பெரிதென மதித்து வந்தனர்!

இத்தகைய நுண்தராசு ஐக்கிய அமெரிக்காவிலே பல்லாயிரம் இல்லங்களின் பின்னறைகளிலும் உண்டு. ஆனால் அங்கே நிறுக்கப்படுவது பொன்னன்று, வெடிமருந்து. இலக்குப் பலகையை நோக்கிச் சுடும் போட்டிகளில் ஈடுபடுவோர், தமக்கு வேண்டிய தோட்டாக்களைக் கடையில் வாங்காது, தம் வீட்டு மேசையிலே தாமே நிரப்பிக் கொள்கின்றனர். மருத்துவர், கமக்காரர், தச்சர், ஆசிரியர் எனப் பல தொழிலினரும் இப்பொழுதுபோக்கில் ஈடுபட்டிருக்கின்றனர்.

துவக்கு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் நாட்டு மக்கள் உள்ளத்தில் எழும் நினைவு வேறு. 1983 முதல் 2009 வரை நீடித்த போரைக் கண்ட நமக்கு அது விளையாட்டுப் பொருளாகத் தோன்றாதது இயல்பே. எனினும், தாளில் வரைந்த வட்டத்தைத் தவிர வேறெதனையும் நோக்காத இக்கலையிலே மாணவர் அறிந்து பயன்கொள்ளத்தக்க உண்மையொன்று உண்டு. அதனை எடுத்துக் கூறுதலே நமது நோக்கம். இது செய்முறை விளக்கமன்று. அளவு என்னும் பொருள் பற்றிய கட்டுரை எனக் கொள்க.

தோட்டாவின் நான்கு உறுப்புகள்

தோட்டா என்பது நான்கு உறுப்புகளாலானது. அனைத்தையும் அடக்கி நிற்கும் பித்தளைக் கூடு ஒன்று. அதன் அடியிற் பதிந்திருக்கும் சிறு கேப்பு மற்றொன்று. கூட்டினுள்ளே இருக்கும் வெடிமருந்து மூன்றாவது. வாயை அடைத்து நிற்கும் குண்டு நான்காவது. துவக்கின் ஊசி கேப்பைத் தாக்க, கேப்பு தீப்பொறியை உள்ளே செலுத்த, மருந்து எரிந்து வாயுவாகிக் குண்டைத் தள்ளுகின்றது.

இந்நான்கனுள் மருந்து எரிந்து போகின்றது. குண்டு பறந்து போகின்றது. கேப்பு பயனற்றுப் போகின்றது. பித்தளைக் கூடு மாத்திரம் எஞ்சி நிற்கின்றது. நான்கிலும் விலை மிகுந்தது அதுவே. ஆகவே அதனைப் பொறுக்கியெடுத்து மீண்டும் நிரப்பினால் செலவு குறையும் என்ற சிக்கனமே இக்கலையின் முதற்காரணமாயிற்று.

கூட்டினைப் பித்தளையாற் செய்வதேன் என்று மாணவர் வினவலாம். எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு நாகமும் கலந்த இப்பித்தளை, வெடிக்கும் கணத்தில் விரிந்து துவக்கின் உட்சுவரோடு ஒட்டி, வாயு பின்னே கசியாதவாறு தடுக்கின்றது. அடுத்த கணமே சிறிது சுருங்கி, இலகுவில் வெளியேறுகின்றது. பலமுறை விரிந்து சுருங்கினாலோ அது கடினமாகி, வாய்ப்பக்கம் வெடிப்புக் காணும். நம்மூர்க் கன்னார் செம்பையும் பித்தளையையும் தட்டித் தட்டி, அவை இறுகியதும் மீண்டும் நெருப்பிற் காட்டி இளக்குவது போல, இவர்களும் கூட்டின் கழுத்தைச் சூடாக்கி இளக்குவர்.

ஒரு போதகரும் இரு கேணல்களும்

கேப்பின் வரலாறு சுவையானது. ஸ்கொத்லாந்திலே பெல்ஹெல்வி என்னும் ஊரிற் போதகராயிருந்த அலெக்சாண்டர் ஜோன் போர்சைத், பறவை வேட்டையில் விருப்பமுடையவர். அக்காலத் துவக்கிலே சக்கிமுக்கிக் கல்லின் பொறியும் புகையும் முதலில் எழ, அதனைக் கண்ட பறவைகள் குண்டு வருமுன்னே பறந்துவிடுமாம். அதற்குப் பரிகாரம் தேடிய அவர், தட்டினால் வெடிக்கும் இரசாயனப் பொருளைக் கொண்டு தீமூட்டும் முறையைக் கண்டு, 1807ஆம் ஆண்டில் உரிமைப் பத்திரம் பெற்றார்.

பின்னர் 1866ஆம் ஆண்டளவில் இருவர் தனித்தனியே இக்கேப்பினைப் பித்தளைக் கூட்டில் அமைக்கும் வழி கண்டனர். ஒருவர் அமெரிக்கரான ஹைராம் பேர்டன். மற்றவர் ஆங்கிலேயரான எட்வேர்ட் பொக்சர். இருவரும் படையிற் கேணல் பதவி வகித்தவர்கள். பேர்டனின் கூட்டிலே நடுவை விட்டு விலகிய இரு நுண்துளைகள் இருந்தன. பொக்சரின் கூட்டிலே நடுவில் ஒரே துளை இருந்தது. விந்தை யாதெனில், அமெரிக்கரின் முறை ஐரோப்பாவிற் பரவியது. ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவில் நிலைத்தது. நடுத்துளையுள்ள கூட்டிலிருந்து பழைய கேப்பை ஓர் ஊசியாலே தள்ளிவிடலாம். அமெரிக்காவிலே வீட்டில் தோட்டா நிரப்பும் வழக்கம் தழைத்தமைக்கு இச்சிறு துளையும் ஒரு காரணமாகும்.

எல்லாத் தோட்டாவும் இதற்கு இசையும் என்பதில்லை. ஒலிம்பிக் போட்டியிலே 50 மீற்றர்த் தூரத்திற்குப் பயன்படும் சிறு தோட்டாவில் தீமூட்டும் பொருள் அடிவிளிம்பின் உள்ளேயே அடங்கியிருப்பதால், அதனை மீண்டும் நிரப்புதல் வழக்கமன்று.

மூன்று புள்ளி

தூர இலக்குச் சுடுதல் அமெரிக்க மக்களின் மனத்தைக் கவர்ந்தது 1874ஆம் ஆண்டிலாகும். இங்கிலாந்திலே முன்னைய ஆண்டில் வெற்றிக் கேடயம் பெற்ற அயர்லாந்துக் குழுவினர், அமெரிக்கரைப் போட்டிக்கு அழைத்தனர். நியூயோர்க்கை அடுத்த லோங் தீவில், கிறீட்மூர் என்னுமிடத்திலே, செப்டெம்பர் 26ஆம் நாள் 800, 900, 1000 யார்த் தூரங்களிற் போட்டி நடைபெற்றது. அயர்லாந்தினர் குழல்வாய் வழியாக மருந்திட்டு நிரப்பும் பழைய முறைத் துவக்குகளைக் கொண்டு வந்தனர். அமெரிக்கர் பின்புறமாகத் தோட்டாவை இடும் புதுமுறைத் துவக்குகளை ஏந்தினர்.

அயர்லாந்து வீரர் மில்னர் ஒருமுறை இலக்கின் நடுவட்டத்தையே துளைத்தார். ஆனால் அது தமக்குரிய இலக்கன்று, அயலிலிருந்த இலக்கு! நடுவட்டத்துக்குரிய நான்கு புள்ளிகள் கிடையாமற் போயின. முடிவிலே அமெரிக்கக் கேணல் போடைன், உடைந்த புட்டி கிழித்த கையோடு இறுதிக் குண்டைச் செலுத்தி நடுவட்டத்தைத் தாக்கினார். அமெரிக்கர் 934, அயர்லாந்தினர் 931. வேறுபாடு மூன்றே புள்ளி, இழந்ததோ நான்கு. பிழையற்ற கையும் கண்ணும் இருந்தும், கவனம் ஒரு கணம் பிசகியதனால் வெற்றி கைமாறியது. அத்திடலின் பெயர், 2007இல் வெளிவந்த ஒரு தோட்டாவின் பெயரில் இன்றும் வழங்குகின்றது.

சீமெந்துத் தூணும் தாள்த் திரையும்

ஒரே துவக்கு, ஒரே சுடுநர், ஒரே இலக்கு. ஆயினும் இரு குண்டுகள் ஒரே துளையிற் செல்லாதது ஏன்? இவ்வினாவிற்கு விடை காணத் தம் வாழ்நாளிற் பல ஆண்டுகளைச் செலவிட்டவர் மசச்சூசெற்ஸ் மாநிலத்து மருத்துவர் பிராங்கிளின் மான். மனிதக் கையின் நடுக்கம் ஆராய்ச்சியைக் கெடுக்காதிருக்க, அவர் சீமெந்துத் தூண் ஒன்றை எழுப்பி, அதன்மேல் துவக்கின் குழலைப் பொருத்தினார். ஜிப்ரால்டர்ப் பாறையின் பெயரையே அதற்குச் சூட்டினார். குண்டு செல்லும் வழி நெடுகிலும் தாள்த் திரைகளை நிறுத்தி, ஒவ்வொன்றிலும் விழுந்த துளையை ஆராய்ந்தார். வேண்டுமென்றே குண்டுகளைச் சிதைத்தும் சுட்டுப் பார்த்தார்.

அவர் கண்ட உண்மை நாம் எதிர்பார்ப்பதற்கு மாறானது. குண்டின் மூக்கு நசுங்கினால் நேரும் பிழை சிறிது. அடிவிளிம்பு சிதைந்தால் நேரும் பிழை பெரிது. குழல்வாயை விட்டு இறுதியில் நீங்குவது அடிப்பாகமாதலால், அங்கே வாயு ஒருபுறம் முந்திக் கசிந்தால் குண்டு நிலை தடுமாறும். தம் ஆராய்ச்சியை அவர் 1909இல் நூலாக வெளியிட்டார்.

இதனாற் பெறப்படுவது யாது? குறி தவறுதற்குரிய காரணங்களுட் பல, விசையை இழுக்குமுன்னரே தோட்டாவினுள் அமைந்துவிடுகின்றன. ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளிற் செய்யப்பட்ட இரு துவக்குகளும் ஒரே தோட்டாவை ஒரே விதமாகச் செலுத்துவதில்லை. ஆகவே தன் துவக்கிற்கு ஒத்தது எதுவெனத் தேடி, ஒவ்வொரு தோட்டாவையும் மற்றதைப் போலவே அமைக்க முயல்கின்றான் இலக்காளன். சிக்கனத்திற்காகத் தொடங்கிய பழக்கம் நுண்மைக்கான தவமாகியது இவ்வாறே.

கூடினும் குறையினும் கேடு

வெடிமருந்தை நிறுக்கும் அளவு கிறெயின் எனப்படும். ஓர் இறாத்தலில் 7,000 கிறெயின் அடங்கும். ஒரு கிறெயின் நம் குன்றிமணியின் எடையில் ஏறத்தாழப் பாதி. அதிலும் பத்திலொரு பங்கைக் காட்டவல்ல தராசையே இவர்கள் பயன்படுத்துகின்றனர்.

இவ்வளவு நுண்மை வேண்டியதேன்? பெருந்துவக்குத் தோட்டா ஒன்று வெடிக்கும்போது உள்ளே எழும் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 60,000 இறாத்தல் வரை செல்லக்கூடும். மோட்டார் வண்டிச் சில்லினுள் இருப்பது ஏறக்குறைய 30 இறாத்தலே. அதனிலும் இரண்டாயிரம் மடங்கான அழுத்தம், சுடுபவனின் கன்னத்திற்கு ஒருசில அங்குலத் தூரத்திலே, ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கு நேரத்தில் எழுந்து அடங்குகின்றது.

பழைய கரும்பொடி மருந்துக் காலத்திலே கூடு நிறைய மருந்திடுவது வழக்கம். 1884இல் பிரான்சியரான போல் வியெய் புகையில்லா மருந்தை ஆக்கியபின் நிலைமை மாறியது. புதிய மருந்து சிறிதளவிலேயே பெருவலி தருவது. பழக்கத்தை விடாது பழைய கரண்டியால் அள்ளி நிரப்பியோரின் துவக்குகள் வெடித்துச் சிதறின. இன்றும் சில கைத்துப்பாக்கித் தோட்டாக்களின் கூடுகள் கரும்பொடிக் காலத்து அளவினவாகவே உள்ளன. அவற்றில் உரிய மருந்து அடியிற் சிறிதளவே கிடக்கும். நிரப்பும்போது யாரேனும் அழைக்க, திரும்பி வந்து அதே கூட்டில் மறுமுறையும் மருந்தை இட்டுவிட்டால், குண்டால் மூடிய பின் அதனை வெளியிலிருந்து கண்டறிதல் அரிது. கையும் கண்ணும் போவது அந்த ஒரு தோட்டாவினால்.

அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சு என்பர். இங்கோ குறைந்தாலும் நஞ்சே. மருந்து இடாது விட்ட தோட்டாவின் கேப்பு, குண்டைக் குழலின் நடுவரை தள்ளி நிறுத்திவிடும். அதனை அறியாது அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும்.

நினைவை நம்பாத நெறி

ஆதலின் இக்கலையிற் சிறந்தோர் சில நெறிகளைக் கண்டிப்பாகப் பேணுகின்றனர். மேசைமேல் ஒரே வகை மருந்தைத் தவிர வேறு மருந்து இராது. தயாரிப்போர் வெளியிட்ட கைந்நூலில் உள்ளதையன்றிச் செவிவழி கேட்ட அளவை ஏற்பதில்லை. அந்நூல் கூறும் கீழெல்லையிலிருந்தே தொடங்குவர். மருந்திட்ட கூடுகளை வரிசையாக நிறுத்தி, விளக்கொளியில் ஒவ்வொன்றையும் உள்ளே நோக்கிய பின்னரே குண்டைப் பொருத்துவர். பேச்சும் பாட்டும் தொலைக்காட்சியும் அவ்வறையில் இடம்பெறா. எந்த மருந்து, எவ்வளவு, எந்தக் கேப்பு, எந்தக் குண்டு, எந்நாள் என்பன குறிப்பேட்டில் எழுதப்படும். ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றி அதன் விளைவைக் காண்பர்.

இல்லத்தாருக்கும் இதில் ஒரு கவலை உண்டு. குண்டிலும் கேப்பிலும் உள்ள ஈயம் தூளாகிக் கையிலும் உடையிலும் ஒட்டும். வளரும் பிள்ளைகளின் மூளைக்கு ஈயம் பெருங்கேடு. எனவே அம்மேசையில் உண்ணாமையும், வேலை முடிந்ததும் கைகழுவுதலும், மருந்தையும் கேப்பையும் பிள்ளைகள் எட்டாத இடத்திற் பூட்டி வைத்தலும் இன்றியமையாதன.

அமெரிக்க மத்திய சட்டப்படி ஒருவர் தம் பயனுக்காக நிரப்ப உத்தரவு வேண்டியதில்லை. விற்பனைக்காயின் உத்தரவு வேண்டும். நம் நாட்டிலோ துவக்கிற்கும் வெடிமருந்திற்கும் அரசின் அனுமதிப்பத்திரம் இன்றியமையாதது. இங்கு இது வீட்டில் முயலத்தக்க பொழுதுபோக்கன்று என்பதை இளைஞர் நன்கு மனத்திற் கொள்வாராக.

ஆயினும் அவர்களது நெறியைக் கற்க அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை. பரிசோதனைச் சாலையிலே அமிலத்தை அளக்கும் மாணவனும், மருந்துக்கடையிலே குழந்தைக்குரிய மருந்தை அளக்கும் கலவையாளரும், மின்கம்பியை இணைக்கும் தொழிலாளியும் அதே நிலையிலேயே உள்ளனர். அவர்கள் செய்த பிழை செய்த இடத்தில் தோன்றாது. பிறிதோரிடத்தில், பிறிதொரு நாளில், பெரும்பாலும் பிறர்மேல் வெடிக்கும். “முன்பே பார்த்துவிட்டேன்” என்னும் நினைவை நம்பாது, மீண்டுமொருமுறை கண்ணாற் கண்டு செல்பவனே தன் கையையும் பிறர் உயிரையும் காக்கின்றான். திறமை பலருக்கும் வாய்க்கும். இரண்டாம் முறை பார்க்கும் பொறுமையையோ நாம் முயன்றே பெறல் வேண்டும்.