205 ஓட்டு!

தோழர்களே, "இது நம் கோட்டை, இங்கே யார் நின்றாலும் நமக்கே வெற்றி" என்று பேசுவோர் எல்லாக் கட்சியிலும் உண்டு. அப்படிப் பேசுவோர் லேட்டன் தொகுதியின் கதையைக் கேட்க வேண்டும்.

லண்டனின் கிழக்கு ஓரத்தில் உழைப்பாளர் நிறைந்து வாழும் பகுதி லேட்டன். அங்கே தொழிற் கட்சியின் உறுப்பினராக நெடுங்காலம் இருந்தவர் ரெஜினால்டு சோரன்சன். இந்தியாவின் விடுதலைக்காக இங்கிலாந்திலேயே குரல் கொடுத்த நல்லவர். 1964 அக்டோபர் பொதுத் தேர்தலில் அவர் 7,926 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார்.

அதே தேர்தலில் ஸ்மெத்விக் தொகுதியில் தொழிற் கட்சியின் பெருந்தலைவர் பாட்ரிக் கார்டன் வாக்கர் தோற்றார். குடியேறி வந்த கறுப்பு மக்கள்மீது வெறுப்பை மூட்டி நடந்த பிரசாரம் அவரை வீழ்த்திற்று. ஆயினும் பிரதமர் ஹெரால்டு வில்சன் அவரை வெளிநாட்டு அமைச்சராக்கினார். அமைச்சருக்குப் பாராளுமன்றத்தில் இடம் வேண்டுமே! சோரன்சனைப் பிரபுக்கள் சபைக்கு அனுப்பி, லேட்டனைக் காலி செய்தார்கள். அவர் விரும்பிக் கேட்ட பதவியல்ல அது.

1965 ஜனவரி 21. குளிர்கால நாள். ஓட்டு எண்ணி முடிந்தது. கன்சர்வேடிவ் கட்சியின் ரொனால்டு பக்ஸ்டன் 16,544. வெளிநாட்டு அமைச்சர் 16,339. வித்தியாசம் வெறும் 205!

630 பேர் கொண்ட சபையில் 317 இடம் பெற்று, நூலிழையில் நின்றது வில்சன் ஆட்சி. அதில் ஓர் இடம் போயிற்று. கார்டன் வாக்கர் பதவி விலகினார். மைக்கேல் ஸ்டூவர்ட் அந்த இடத்துக்கு வந்தார்.

ஏன் இந்தத் தோல்வி? நிறவெறியர் லேட்டனுக்கும் வந்து கூட்டங்களில் புகுந்து கலகம் செய்தது உண்மை. ஆனால் பழி முழுவதையும் அவர்கள் தலையில் போட்டுவிட முடியாது. முதியோர் பென்ஷனை உயர்த்துவதாக அறிவித்த அரசு, 1965 மார்ச்சு வரை பொறுத்திருக்கச் சொல்லிற்று. பாராளுமன்ற உறுப்பினர் சம்பளமோ ஆண்டுக்கு 1,750 பவுனிலிருந்து 3,250 பவுனாக உயர்ந்தது. முதியவர் காத்திருக்க வேண்டும், உறுப்பினர் காத்திருக்க வேண்டாமா? கேட்கத்தானே செய்வார்கள்!

இன்னொன்றும் உண்டு. தங்களுக்குப் பழகிய மனிதரை எடுத்துவிட்டு வேறொருவரை நிறுத்துகிறார்களே, எங்களை ஒரு வார்த்தை கேட்டார்களா என்ற மனத்தாங்கல். பொதுத் தேர்தலில் பத்துக்கு ஏழு பேர் ஓட்டளித்த தொகுதியில் அன்று பத்துக்கு ஆறு பேர்கூட வரவில்லை. எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட மனம் வராத எத்தனையோ தொழிலாளர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். தொழிற் கட்சியைத் தோற்கடிக்க அது போதுமானதாயிற்று.

அதே நாளில் நனீட்டன் தொகுதியிலும் இதே ஏற்பாடு. போக்குவரத்துத் தொழிலாளர் தலைவர் பிராங்க் கசின்ஸ் அங்கே வென்றார். ஆனால் அங்கும் ஓட்டு வித்தியாசம் சுருங்கிற்று.

205 ஓட்டு என்றால் என்ன? ஓட்டளித்தவர்களில் 103 பேர் மனம் மாறியிருந்தால் முடிவே மாறியிருக்கும். நான்கு தெருக்களில் மாலை வேளையில் கதவைத் தட்டி, குறையைக் காது கொடுத்துக் கேட்டு, கிழவரையும் நோயாளியையும் சாவடிக்கு அழைத்துச் சென்றிருந்தால் 205 பேர் கிடைத்திருக்க மாட்டார்களா? மேடையில் அமைச்சர்கள் பேசினார்கள். அந்தப் பேச்சு வீட்டுக்குள் இருந்தவரை வெளியே கொண்டுவரவில்லை.

கதை அதோடு முடியவில்லை. 1966 பொதுத் தேர்தலில் அதே கார்டன் வாக்கர் அதே லேட்டனில் நின்று வென்றார். ஸ்மெத்விக்கையும் தொழிற் கட்சி மீட்டது. மக்கள் கட்சியைக் கைவிட்டுவிடவில்லை. தங்களைக் கேளாமல் முடிவு செய்ததற்குக் கண்டித்தார்கள், அவ்வளவே.

தோழனே, உன் வட்டத்தில் "நம் ஆள்தானே" என்று நீ போகாமல் விட்ட வீடுகள் எத்தனை? தேர்தல் வரட்டும் என்று காத்திராதே. இன்று மாலையே போ. அவர்கள் சொல்வதை முதலில் கேள்!