வரிசை செய்யும் விந்தை

பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் வழியிலே தேயிலை மலைகளை நோக்குவோர் செடிகளையே கண்டு மகிழ்வர். செடிகளுக்கு இடைப்பட்ட வெளியை எண்ணுவோர் சிலரே. கொழுந்து பறிக்கும் பெண் நடப்பதோ அவ்வெளியில்தான். செடி நட்டவன் அவளுக்குப் பாதை வெட்டவில்லை. ஆயினும் அவன் நட்ட வரிசையே அவள் நடையை வகுத்துவிடுகின்றது. இக்காலப் பௌதிகவியலின் அரிய சோதனை ஒன்றை விளக்க இவ்வுவமை போதும்.

பென்சிலின் கரியைக் 'காரீயம்' என்கிறோம். கருமையும் ஈயமும் புணர்ந்த அச்சொல் இலக்கணத்துக்கு அமைந்தது, பொருளுக்கு அமைந்ததன்று. அதில் ஈயம் இல்லை. களிமண்ணோடு கலந்த காபனே உள்ளது. நம் நாட்டுப் போகலையிலும் கஹட்டகஹவிலும் அகழப்படும் பென்சிற்கரி தூய்மையாற் புகழ் பெற்றது. இக்கரி ஏடுகள் அடுக்கிய சுவடி போன்றது. அதன் தனி ஏடே கிராபீன்: காபன் அணுக்கள் தேன்கூட்டறைகள்போல் அறுகோணமாய் நிற்கும், ஓரணுத் தடிப்புள்ள தாள். 2004 இல் மன்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்தில் கெய்ம், நோவோசெலோவ் என்னும் இருவர் ஒட்டுநாடாவால் அதனை உரித்தெடுத்தனர். 2010 இல் நொபெல் பரிசும் பெற்றனர். இத்தாளில் இலத்திரன்கள் திணிவே அற்றனபோல் ஓடுகின்றன.

அவ்வியல்புக்குக் காரணம் காபனோ, அறுகோண வரிசையோ? 2012 இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்து ஹரி மனோகரன் குழுவினர் இதற்கு விடை காட்டினர். செம்பின் மேற்பரப்பிலே, நுண்ணிய ஊசிமுனையால் காபனோரொட்சைட்டு மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக நகர்த்தி முக்கோண வரிசையில் நிறுத்தினர். அம்மூலக்கூறுகள் இலத்திரன்களை அண்டவிடா. எஞ்சிய வெளி தேன்கூட்டு வடிவாயிற்று; அதனுள் ஓடிய செம்பின் இலத்திரன்கள் கிராபீனின் இலத்திரன்களைப் போலவே ஒழுகின. வரிசையைச் சற்றே வளைத்தபோது, காந்தமின்றியே 60 டெசுலா காந்தப்புலத்தில் அகப்பட்டனபோல் இயங்கின. இயற்கைக் கிராபீனில் இவ்வாறு அணுவணுவாய் இடம் மாற்றி ஆராய்தல் எளிதன்று. செயற்கை அமைப்பின் பயன் இதுவே.

செம்பு செம்பாகவே இருந்தது. இலத்திரனும் பழைய இலத்திரனே. மாறியது அமைப்பு ஒன்றுதான்.

'தோட்டத்துப் பிள்ளைக்கு விஞ்ஞானம் ஏறாது' என்று கூறுவோரை ஊவாவில் இன்றும் கேட்கிறோம். லயத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து லயத்துக்குமே வழி வைத்துவிட்டு, அவ்வழியில் நடந்த பிள்ளையின் இயல்பைக் குறை கூறுதல் தகுமா? பதுளையில் 2005 முதல் ஊவா வெல்லசப் பல்கலைக்கழகம் உண்டு. லயத்து வாயிலுக்கும் அதன் வாயிலுக்கும் இடையே விஞ்ஞான ஆசிரியரையும் ஆய்வுகூடத்தையும் நல்ல தமிழ் நூல்களையும் நிறுத்துதல் கற்றோர் அனைவரின் கடன். அவ்வரிசையை அமைத்த பின்னரன்றோ பிள்ளைகளின் இயல்பு இன்னதென நாம் பேசுதல் முறை?