விழவும் கற்றல் வேண்டும்

"விழுந்துவிடாதே!" என்பது பெற்றோர் பிள்ளைகளுக்கு நாள்தோறும் கூறும் புத்திமதி. விழ நேர்ந்தால் எவ்வாறு விழுவது என்பதை நம்மில் எத்தனை பேர் கற்பித்திருக்கிறோம்? யானைக்கும் அடி சறுக்கும் என்பதை ஒப்புக்கொள்ளும் நாம், சறுக்கியபின் செய்யத்தக்கது யாது என்று சிந்திப்பதில்லை. அதனையே முதற்பாடமாகக் கொண்ட பயிற்சியொன்று பிரான்சு தேசத்தில் வளர்ந்திருக்கிறது. பார்க்கூர் என்பது அதன் பெயர்.

மதிலைத் தாண்டியும் கம்பிவேலியைக் கடந்தும், தன் உடலொன்றையே துணையாகக் கொண்டு விரைந்து செல்லும் கலை இது. இதன் வேரைத் தேடுவோர் ஜோர்ஜ் எபேர் என்னும் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியிடம் செல்வர். 1902ஆம் ஆண்டு மார்த்தினிக் தீவில் பெலே எரிமலை வெடித்தபோது மீட்புப் பணியில் ஈடுபட்டவர் அவர். பிறருக்குப் பயன்படுவதற்காகவே ஒருவன் வலிமை பெறவேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் வகுத்த பயிற்சிமுறை பிரெஞ்சுப் படைகளில் பரவியது. அவ்வழியிற் பயின்ற ரேமண்ட் பெல் என்பார் பாரிஸ் தீயணைப்புப் படையில் கடமையாற்றினார். அவருடைய மகன் டேவிட் பெல்லும் நண்பர்களும் பாரிசுக்கு அண்மையிலுள்ள லீஸ் என்னும் ஊரில் பார்க்கூரை உருவாக்கினர்.

திரைப்படத்திலே கூரைக்குக் கூரை பாய்வதைக் கண்டு மயங்கும் மாணவர், அதன் பின்னேயுள்ள ஆண்டுக்கணக்கான தரைப் பயிற்சியைக் காண்பதில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஒரு மீற்றர் உயரத்திலிருந்து குதிப்பவன், செக்கனுக்கு ஏறத்தாழ 4.4 மீற்றர் வேகத்துடன் நிலத்தைத் தொடுகிறான். கால்களை விறைப்பாக வைத்து 5 சென்ரிமீற்றருக்குள் உடலை நிறுத்தினால், அவன்மீது தாக்கும் சராசரி விசை அவனது நிறையைப் போல் 21 மடங்காகும். முழங்காலையும் இடுப்பையும் மடக்கி 50 சென்ரிமீற்றர் தாழ்ந்து நின்றால், அது 3 மடங்காகக் குறைகிறது. உயரமும் ஒன்றே, உடலும் ஒன்றே. வேறுபாடு இறங்கும் முறையில் உள்ளது.

பாதத்தின் முன்பகுதி முதலில் நிலத்தைத் தொடவேண்டும். குதிக்கால் அறைதல் கூடாது. முழங்கால்கள் உட்புறம் சாயாது, கால்விரல்களின் திசையிலேயே மடியவேண்டும். முன்னோக்கிய வேகம் மிகுந்திருப்பின் உருளவேண்டும். வலத்தோளால் உருள்பவன் முகத்தை இடப்புறம் திருப்பி, நாடியை நெஞ்சோடு சேர்த்து, தோளின் பின்புறத்திலிருந்து முதுகின் குறுக்கே இடப்பக்க இடுப்புவரை உருளுகிறான். தலையும் முதுகெலும்பின் நடுவரையும் அடியை ஏற்பதில்லை. நீட்டிய கையை ஊன்றி விழுவது மணிக்கட்டையோ காறை எலும்பையோ முறிக்கக்கூடுமாதலின், கைகளையும் மடக்கிக்கொள்ளப் பழக்குவர்.

1882இல் ஜிகோரோ கானோ தோற்றுவித்த யூடோவிலும், எறிவதற்கு முன் விழுவதையே கற்பிக்கின்றனர். ஆயினும் யூடோ வீரன் மெத்தையைக் கையால் அறைந்து அதிர்ச்சியைப் பரப்புவான். கொங்கிறீற்றுத் தரையில் அவ்வாறு அறைந்தால் கையே நோகும். ஆகவே பார்க்கூரில் உருண்டெழுவதையே பெரிதும் நம்புகின்றனர்.

இவை ஒரே நாளில் வருவன அல்ல. முதலில் புற்றரையில் முழந்தாளிட்டு உருளவேண்டும். பின்பு குந்தியிருந்து, பின்பு நின்று, பின்பு நடந்து உருளவேண்டும். அதன் பின்னரே முழங்கால் உயரத் திட்டிலிருந்து குதித்தல். தேர்ந்த ஆசிரியர் அருகில் இருத்தல் அவசியம். மாணவனின் தேர்ச்சியைக் காதாலும் அளக்கலாம். இறங்கும்போது 'தொப்' என்ற ஓசை கேட்டால் உடல் அடி வாங்கியது என்பது பொருள். பூனைபோல் ஓசையின்றி இறங்கும்வரை உயரத்தைக் கூட்டுதல் ஆகாது.

பிள்ளைகளை ஓடவிடாமல் தடுத்துவிட்டால் அவர்கள் விழமாட்டார்கள் என்று எண்ணுவது வீண். ஓடும் வயதில் ஓடுவர். ஓடினால் ஒருநாள் விழுவர். "விழாதே" என்னும் சொல்லோடு நின்றுவிடாது, விழும் முறையையும் புற்றரையிலே பழக்கிவிடுதல் நம் கடன். விழுந்தால் எழ முடியும் என்றறிந்த பிள்ளைக்கே அச்சம் நீங்கும். தன்னால் இயலாத உயரம் எது என்பதும் அப்பிள்ளைக்கே விளங்கும்.