ஒரே மெட்டு, பல கைகள்: பொதுமெட்டு இசைக்கோர்ப்புப் போட்டிகள்

ஒரு மெட்டை எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்து, அதை அவரவர் பாணியில் புதிதாக அமைத்து அனுப்பச் சொல்லும் நட்புமுறைப் போட்டிகள் இணையத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வருகின்றன. பெரிய பரிசு எதுவும் பெரும்பாலும் இருக்காது. கலந்துகொள்பவர்களில் பலர் இசையைத் தொழிலாகக் கொண்டவர்களும் அல்லர். மாணவர்களும், அலுவலகம் போய் வந்து இரவில் கணினிமுன் உட்காருபவர்களும்தான் அதிகம்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த யோசனை புதிதாகத் தோன்றாது. ஈற்றடியைக் கொடுத்து வெண்பா பாடச் சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. போய்ச் சேர வேண்டிய இடம் எல்லோருக்கும் ஒன்று, வழிதான் வேறு. இசைப்போட்டியில் இது தலைகீழாக நடக்கிறது. புறப்படும் இடம் ஒன்று, போய்ச் சேரும் இடங்கள் பல.

இசைக்கோர்ப்பு என்பது

மெட்டு என்பது நாம் முணுமுணுக்கும் சுர வரிசை. அதை எந்தக் கருவி வாசிக்க வேண்டும், எந்த வேகத்தில், அடியில் எந்தச் சுரக்கூட்டுகள் ஒலிக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்வதே இசைக்கோர்ப்பு. இசைக்குழுக்களில் இதை ‘அரேஞ்ச்மென்ட்’ என்றே சொல்வார்கள். மெட்டில் ஒரு சுரத்தைக்கூடத் தொடாமல், வேகத்தைப் பாதியாக்கி, வயலினிலிருந்து புல்லாங்குழலுக்கு மாற்றினாலே கேட்பவர் மனநிலை மாறிவிடும். இன்னும் ஒரு படி போகலாம். மேற்கத்திய மேஜர் அளவு நம் சங்கராபரணத்தின் சுரங்களைக் கொண்டது. அதன் அந்தர காந்தாரத்தைச் சாதாரண காந்தாரமாக இறக்கினால் மைனரின் சாயல் வந்துவிடுகிறது. ஒரே ஒரு சுரம்தான் இறங்கியது. கல்யாண வீட்டுப் பாட்டு, பிரிவுப் பாட்டாகிவிடும்.

வியன்னாவில் ஒரு முன்னோடி

இணையம் வருவதற்கு ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன்பே இப்படி ஒரு முயற்சி நடந்திருக்கிறது. அந்தோன் தியாபெல்லி (1781–1858) ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் அருகே பிறந்தவர். இசையமைப்பாளர், ஆசிரியர். வியன்னாவில் கூட்டாளியுடன் இசைநூல் பதிப்பகம் ஒன்றையும் நடத்தினார். 1819இல் தாம் எழுதிய ஒரு சிறிய வால்ட்ஸ் நடன மெட்டை ஆஸ்திரியாவின் இசையமைப்பாளர்கள் பலருக்கும் அனுப்பி, ஆளுக்கு ஒரு மாறுபாடு எழுதித் தருமாறு கேட்டார். எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக வெளியிடுவது திட்டம். வரும் பணம் நெப்போலியப் போர்களில் கணவரையும் தந்தையரையும் இழந்தவர்களுக்குப் போக வேண்டும் என்பதும் அவர் எண்ணம் என்று சொல்லப்படுகிறது. பதிப்பகத்துக்கு நல்ல விளம்பரம் என்பதும் உண்மைதான். இரண்டும் ஒன்றாக இருப்பதில் தவறில்லை.

அந்த மெட்டு மிக எளியது. சி மேஜரில், மூன்று எண்ணிக்கைத் தாளத்தில், 32 தாள அளவைகள் கொண்டது. 16 அளவைகளாக இரண்டு பாதி. வலக்கை ஒரே சுரக்கூட்டைத் திரும்பத் திரும்பத் தட்டுகிறது. ஒரு சொற்றொடர் அப்படியே ஒரு படி மேலே தூக்கி வைக்கப்படுகிறது. இப்படித் தூக்கி வைப்பதை அன்றைய இசைவாணர்கள் ‘செருப்புக்குப் போட்ட ஒட்டு’ என்று கேலி செய்வதுண்டு. ஆனால் பொதுமெட்டுக்கு இந்த எளிமைதான் தகுதி. அலங்காரம் நிறைந்த மெட்டைக் கொடுத்தால் மற்றவர் செய்வதற்கு என்ன மிஞ்சும்?

ஐம்பது பேர் ஆளுக்கொன்று எழுதிக் கொடுத்தார்கள். ஹம்மல், மோஷெலஸ், செர்னி ஆகியோர் அன்று புகழ்பெற்ற பியானோ கலைஞர்கள். மொசார்ட்டின் மகன் ஃபிரான்ஸ் சேவர் மொசார்ட்டும் எழுதினார். ஷூபர்ட் மெட்டை சி மைனருக்குக் கொண்டுபோய் அதன் துள்ளலை ஏக்கமாக்கிவிட்டார். செர்னியிடம் பியானோ கற்ற சிறுவன் ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் மாறுபாடும் உள்ளே இருக்கிறது. அவன் அச்சில் கண்ட முதல் படைப்பு அதுதான். ஹங்கேரியில் பிறந்த 11 வயதுச் சிறுவன் என்ற குறிப்போடு பதிப்பாயிற்று.

தொகுப்பில் எனக்குப் பிடித்த செய்தி, மாறுபாடுகள் ஆசிரியர்களின் பெயர் அகரவரிசையில் வைக்கப்பட்டிருப்பது. முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. புகழ்பெற்றவரும் 11 வயதுச் சிறுவனும் எழுத்து வரிசையில் தத்தம் இடத்தில் நிற்கிறார்கள்.

ஒருவர் மட்டும் வரிசையில் இல்லை. பீத்தோவனிடம் கேட்டது ஒரு மாறுபாடு, அவர் எழுதியது 33. மெட்டு அற்பமானது என்று முதலில் அவர் மறுத்தார் என்றொரு கதை உண்டு. அது அவருடைய உதவியாளர் ஷிண்ட்லர் வழியாக வந்தது, அவர் சொன்னவற்றில் பல நம்பத்தக்கவை அல்ல என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பீத்தோவனின் கைக்குறிப்புகள் அவர் 1819இலேயே வேலையைத் தொடங்கிவிட்டதையே காட்டுகின்றன. பாதிக்கு மேல் வரைந்துவிட்டு வேறு பெரிய படைப்புகளுக்காக ஒதுக்கி வைத்தார். பிறகு திரும்ப எடுத்து முடித்தார். 1823இல் அது தனி நூலாக வந்தது. மற்ற ஐம்பது பேரின் தொகுப்பு 1824இல் இரண்டாம் பகுதியாக வெளிவந்தது.

பீத்தோவன் என்ன செய்தார் என்பது மாணவர்கள் கவனிக்க வேண்டியது. மெட்டின் மேல் பூ வைப்பதை விட்டு, மெட்டைப் பிரித்துப் பார்த்தார். தொடக்கத்தில் மேல் ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு இறங்கும் ஒரு சிறு தாவல் இருக்கிறது. அதை மட்டும் எடுத்துக்கொள்கிறார். முதல் மாறுபாட்டிலேயே வால்ட்ஸ், நான்கு எண்ணிக்கையில் நடக்கும் அணிவகுப்பாகிவிடுகிறது. 13ஆவதில் மௌனமே பாதி இசை. 22ஆவதில் மொசார்ட்டின் ‘டான் ஜியோவானி’ ஓபராவில் வேலைக்காரன் பாடும் தொடக்கப் பாட்டு திடீரென்று தலைகாட்டுகிறது. அந்தப் பாட்டின் தொடக்கத்திலும் அதே தாவல் இருப்பதைக் கண்டுபிடித்துச் செய்த குறும்பு அது. நூலின் தலைப்பிலும் வழக்கமான ‘வேரியேஷன்’ என்ற சொல்லை அவர் வைக்கவில்லை. உருமாற்றங்கள் என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லை வைத்தார்.

மற்ற ஐம்பதையும் ஒரே மூச்சில் கேட்பது எளிதன்று என்பதையும் சொல்ல வேண்டும். பலர் ஒரே காரியத்தைச் செய்திருக்கிறார்கள்: மெட்டின் மேல் வேகமான விரலோட்டம். ‘நான் சென்ற சுற்றுலா’ என்ற ஒரே தலைப்பில் நாற்பது கட்டுரைகளை ஒரே இரவில் திருத்தியிருக்கிறேன். முதல் பத்துக்குள் எல்லோரும் எழுதக்கூடியது எது என்று தெரிந்துவிடும். பிறகு ஒரு பையன் பேருந்து பழுதாகி நின்ற மூன்று மணி நேரத்தை மட்டும் எழுதியிருப்பான், நிமிர்ந்து உட்காருவேன். ஐம்பதுக்கு நடுவே ஷூபர்ட் வரும்போது அப்படித்தான் இருக்கிறது. தனியாகக் கேட்டால் அது ஒரு நல்ல சிறு பியானோத் துண்டு, அவ்வளவே. பக்கத்தில் மற்றவர்கள் இருப்பதால்தான் அவர் எடுத்த முடிவு தெரிகிறது.

இணையத்தில் நடக்கும் விதம்

இன்றைய போட்டிகளில் பெரும்பகுதி வீடியோ விளையாட்டு இசையைச் சுற்றி வளர்ந்தது. பழைய விளையாட்டுக் கருவிகளில் ஒரே நேரத்தில் மூன்று நான்கு ஒலிகளுக்குத்தான் இடம் இருந்தது. அதனால் அவற்றின் மெட்டுகள் எலும்புக்கூடு போல எளிமையாக, மனத்தில் நிற்கும்படி இருந்தன. தியாபெல்லி வால்ட்ஸுக்குச் சொன்ன தகுதி இவற்றுக்கும் பொருந்தும். 1999இல் தொடங்கிய ஓவர்கிளாக்டு ரீமிக்ஸ் இத்துறையில் பழைய சமூகங்களில் ஒன்று. ‘டுவெல்லிங் ஆஃப் டூயல்ஸ்’ என்ற மாதாந்தரப் போட்டியில் கணினி ஒலி மட்டும் போதாது, யாராவது ஒரு கருவியைக் கையால் வாசித்திருக்க வேண்டும்.

நடைமுறை பெரும்பாலும் இப்படி. ஒருங்கிணைப்பாளர் மெட்டை ஒலிப்பதிவாகவும், பல சமயம் மிடி கோப்பாகவும் கொடுப்பார். மிடி கோப்பில் ஒலி இருக்காது. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தத்தில் என்ற கட்டளைகளே இருக்கும். ஆகவே அதே கோப்பைத் திறந்து ஒருவர் வீணையாகவும் மற்றொருவர் மின்கிட்டாராகவும் ஒலிக்க வைக்கலாம். ஒரு வாரமோ ஒரு மாதமோ கெடு. சில போட்டிகளில் ஒரே ஒரு மணி நேரம். கெடு முடிந்ததும் எல்லாம் ஒன்றாக வெளியிடப்படும். கேட்டவர்கள் வாக்களிப்பார்கள். சில இடங்களில் வென்றவருக்குக் கிடைக்கும் ஒரே பரிசு, அடுத்த சுற்றுக்கு மெட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை.

கருவியோ ஆசிரியரோ எளிதில் கிடைக்காத ஊரில் இருக்கும் ஒரு மாணவிக்கு இதில் கிடைப்பது வாக்கு அன்று. இரண்டு வாரம் தான் மல்லாடிய அதே எட்டாவது அளவையை இன்னும் பன்னிரண்டு பேர் எப்படிக் கடந்தார்கள் என்பது. எந்த இடம் கடினம் என்று அவளுக்குத் தெரியும், அதனால் அவர்களுடைய விடை அவளுக்கு விளங்கும். வெறுமனே பாட்டுக் கேட்பவருக்கு அந்த இடம் கண்ணிலேயே படாது.

தீர்ப்பில் உள்ள சிக்கல்கள்

பெயரை மறைத்து வாக்கெடுப்பது பல போட்டிகளில் வழக்கம். நண்பருக்குப் போடுவதும் புகழுக்குப் போடுவதும் அதனால் குறையும். இருந்தாலும் காது ஏமாறும் வழிகள் உண்டு. சற்று உரக்க ஒலிக்கும் பதிவே மேலானதாகத் தோன்றும். ஒலியளவை எல்லாவற்றுக்கும் சமமாக்காமல் ஒப்பிடுவது நியாயமன்று. வரிசையில் கடைசியில் வருபவை களைத்த காதில் விழுகின்றன. அதனால் ஒவ்வொருவரும் வேறு வரிசையில் கேட்பது நல்லது. பதிவின் தரம், கற்பனையின் தரம் என்பவற்றைக் குழப்பிக்கொள்வதும் உண்டு. விலையுயர்ந்த மைக் வைத்திருப்பவர் நல்ல இசைக்கோர்ப்பாளர் ஆகிவிட மாட்டார்.

மிகுதியான சண்டை ‘மூலமெட்டு அடையாளம் தெரிய வேண்டும்’ என்ற விதியால் வருகிறது. எவ்வளவு தெரிய வேண்டும்? பீத்தோவனின் 20ஆவது மாறுபாடு மிக மெதுவாக நகரும் சுரக்கூட்டுகள் மட்டுமே. முதல்முறை கேட்பவர் அதில் வால்ட்ஸைக் காண்பது அரிது. இன்றைய போட்டியில் அது தள்ளுபடியாகவும் கூடும். விதியைத் தளர்த்தினால் மெட்டையே தொடாதவர்கள் பழைய சரக்கை அனுப்புவார்கள். இறுக்கினால் விரலோட்டக்காரர்களே மிஞ்சுவார்கள். சந்தேகம் வந்தால், எந்த இடத்தில் எந்தச் சுரத்தொடர் பயன்பட்டிருக்கிறது என்று அனுப்பியவரையே இரண்டு வரியில் எழுதச் சொல்வது நல்ல வழி என்பது என் கருத்து.

மெட்டு யாருடையது?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, இசைப்படைப்பை இசைக்கோர்ப்புச் செய்வதையும் ‘தழுவல்’ என்ற வரையறைக்குள் வைக்கிறது. தழுவும் உரிமை மூலப்படைப்பின் உரிமையாளருடையது. படைத்தவரின் ஆயுட்காலமும், அவர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகளும் அந்த உரிமை நீடிக்கும். அன்பினால் செய்தேன், பணம் வாங்கவில்லை என்பது மட்டும் அனுமதி ஆகிவிடாது. விளையாட்டு இசைப் போட்டிகள் பலவும் உரிமையாளர்கள் கண்டும் காணாமல் விடுவதை நம்பியே நடக்கின்றன. பள்ளியிலோ கல்லூரியிலோ இத்தகைய போட்டி நடத்த விரும்புவோர் திரைப்பாட்டைத் தவிர்த்து, காலம் கடந்த மெட்டு ஒன்றை எடுப்பதே பாதுகாப்பு. தியாபெல்லி 1858இல் இறந்தவர், அவருடைய வால்ட்ஸ் யாருக்கும் பொது. அதன் முதல் 16 அளவைகளை மட்டும் எடுத்துக்கொண்டால்கூட ஒரு வகுப்புக்கு ஒரு பருவம் போதும்படியான வேலை இருக்கிறது. அனுப்பியவர்களின் பெயர்களை வெளியிடும்போது அகரவரிசையிலேயே வெளியிடலாம்.