வேலை முடிந்தால் கரையும் கருவி

உடலைக் கண்காணிக்கும் சென்சார்கள் பெருகுகின்றன. கூடவே குப்பையும். பட்டும் மெக்னீசியமும் கைகொடுக்குமா?

மேல்கையின் பின்புறத்தில் ஒட்டிக்கொள்ளும் ஒரு சிறு வில்லை. தினமும் விரலைக் குத்திக்கொள்ளும் வேதனையிலிருந்து சர்க்கரை நோயாளிகள் பலருக்கு அது விடுதலை தந்திருக்கிறது. தோலுக்கடியில் உள்ள திரவத்தில் சர்க்கரையின் அளவைப் பார்த்து செல்போனுக்குச் சொல்லிவிடுகிறது. பரவலாக விற்கும் ஒரு ரகத்தின் ஆயுள் 14 நாள். பிறகு பிய்த்து எறிய வேண்டியதுதான். உள்ளே பிளாஸ்டிக் கூடு, மின்சுற்று, பேட்டரி. விடாமல் அணிபவர் ஆண்டுக்கு 26 வில்லைகளைத் தூக்கிப்போடுகிறார்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2023ல் வெளியிட்ட ஆய்வின் கணக்குப்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர். இவர்களில் நூற்றுக்கு ஒருவர் இதை அணிந்தால்கூட ஆண்டுக்கு 2.6 கோடி வில்லைகள் குப்பைக்குப் போகும். உலகில் 2022ல் சேர்ந்த மின்னணுக் குப்பை 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 சதவீதம் மட்டுமே.

வேலை முடிந்ததும் கருவியே கரைந்துபோனால்? அது முடியும் என்று 2012 செப்டம்பரில் 'சயன்ஸ்' இதழில் காட்டினார்கள் அமெரிக்க விஞ்ஞானிகள். அப்போது இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜான் ரோஜர்ஸும், டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஃபியொரென்ஸோ ஒமெனெட்டோவும் அந்தக் குழுவில் முக்கியமானவர்கள். கம்பிகளுக்கு மெக்னீசியம், மூளைக்கு சிலிக்கான், எல்லாவற்றையும் தாங்கப் பட்டு.

சிலிக்கான் கரையுமா? கரையும், மிக மெதுவாக. உடல் திரவத்தில் ஒரு நாளைக்குச் சில நானோமீட்டர்தான். வழக்கமான 'சிப்' கரைய நூற்றாண்டுகள் ஆகும். அதையே நூறு நானோமீட்டர் தடிமன் கொண்ட ஏடாகச் சீவிவிட்டால் சில வாரங்கள் போதும்.

கடிகாரத்தின் வேலையைச் செய்வது பட்டு. கூடுகளைச் சோடா உப்பு நீரில் கொதிக்கவைத்துப் பசையை நீக்கினால் எஞ்சுவது ஃபைப்ராயின் என்ற புரதம். அதைக் கரைத்து மெல்லிய படலமாக வார்க்கலாம். படலத்தின் படிக அமைப்பைக் கூட்டியும் குறைத்தும், அது நிமிடங்களில் கரைய வேண்டுமா, மாதக்கணக்கில் நிற்க வேண்டுமா என்று தீர்மானிக்கலாம். பட்டு உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு. ராமநகரம் சந்தைக்கு வரும் கூடுகளுக்குச் சேலையைத் தவிர வேறொரு எதிர்காலமும் உண்டு.

ஆனால் கரையும் கருவிகள் முதலில் நுழைந்தது உடலின் வெளியே அல்ல, உள்ளே. 2016ல் மூளையின் அழுத்தத்தை அளக்கும் சென்சார் எலிகளில் சோதிக்கப்பட்டது. 2021ல் தற்காலிக பேஸ்மேக்கர் வந்தது. 2025 ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் அறிவிக்கப்பட்ட பேஸ்மேக்கரின் நீளம் 3.5 மில்லிமீட்டர். அரிசிமணியைவிடச் சிறியது. மார்பில் ஒட்டிய பட்டை இதயத் துடிப்பைக் கவனித்து, துடிப்பு தவறினால் ஒளியைப் பாய்ச்சி அதை இயக்குகிறது. வேடிக்கை என்னவென்றால், கரைவது உள்ளே இருப்பதுதான். வெளியே ஒட்டிய பட்டை கரைவதில்லை.

காரணம் எளிது. உடலுக்குள் வெப்பம் மாறுவதில்லை. சுற்றியுள்ள திரவமும் தெரிந்ததுதான். தோலின்மேல் வியர்வை, குளியல், மே மாத வெயில் எல்லாவற்றையும் தாங்கிய பிறகே கரைய வேண்டும். மக்கும் பிளாஸ்டிக் என்று பெயரெடுத்த பாலிலாக்டிக் அமிலமும் சுமார் 60 டிகிரி வெப்பமுள்ள உரக்கூடத்தில்தான் சீக்கிரம் மக்கும். ஊர்க் குப்பைமேட்டில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். 'மக்கும்' என்று உறையில் அச்சடிப்பதாலேயே மக்கிவிடாது. பேட்டரி இன்னொரு தலைவலி. மெக்னீசியம், துத்தநாகம் கொண்டு கரையும் பேட்டரிகள் செய்யப்படுகின்றன. ஆனால் வாரக்கணக்கில் செல்போனுடன் பேசும் தெம்பு அவற்றுக்கு வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய தடை பணம். உள்ளே வைத்த கருவி கரைந்தால் அதை வெளியே எடுக்கும் வேலை மிச்சம். அதற்காகச் செலவழிக்க மருத்துவமனை தயார். வெளியே ஒட்டிய வில்லை கரைந்தால் லாபம் குப்பைமேட்டுக்கு மட்டுமே. குப்பைமேட்டுக்காக யார் பணம் கொடுப்பார்கள்? 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள் மருத்துவக் கருவிகளையும் பட்டியலில் சேர்த்து, தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகின்றன. எறியும் ஒவ்வொரு வில்லைக்கும் நிறுவனங்கள் கணக்குச் சொல்ல வேண்டிவந்தால், பட்டின் விலை அவ்வளவு அதிகமாகத் தோன்றாது.