சர்வர் அறை – 11: 32,768-ஆவது மணி

ஜாதகக் கட்டத்துக்குக் கீழே ‘கர்ப்பச்செல் போக இருப்பு’ என்று வருஷம், மாதம், நாள் கணக்குப் போட்டு எழுதியிருப்பார்களே, 2019 நவம்பரில் எச்.பி.இ. நிறுவனம் வெளியிட்ட ஓர் அறிவிப்பைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. தன் சர்வர்களில் போட்டு விற்ற சில எஸ்.எஸ்.டி.களுக்கு அந்நிறுவனமே ஆயுளைக் கணித்துக் கொடுத்திருந்தது: 3 வருஷம், 270 நாள், 8 மணி நேரம். அந்த நேரம் வந்ததும் டிரைவ் செத்துவிடும். டிரைவையும் மீட்க முடியாது, உள்ளே இருப்பதையும் மீட்க முடியாது. பரிகாரமும் சொல்லியிருந்தார்கள். அதற்குள் புதிய ஃபர்ம்வேரை ஏற்றிவிட வேண்டும்.

மொத்தம் 32,768 மணி நேரம். புரோகிராம் எழுதிப் பழகியவர்களுக்கு இந்த எண்ணைக் கண்டதுமே பொறி தட்டும். இரண்டைப் பதினைந்து முறை பெருக்கினால் வருவது இது. பதினாறு பிட் இடத்தில் கூட்டல், கழித்தல் குறியோடு எண்ணினால் 32,767 வரைதான் போகலாம். அதற்கு மேல் ஒன்று கூட்டினால் கணக்கு தலைகீழாகிவிடும். தேய்மானம், சூடு எதுவும் இதில் இல்லை. டிரைவ் தன் வயதைத் தானே எண்ணிக்கொண்டு வந்து, எண்ணத் தெரியாத இடத்தில் விழுந்திருக்கிறது.

அடுத்த ஆண்டு மார்ச்சில் இன்னொரு அறிவிப்பு. வேறு சில மாடல்களுக்கு 40,000 மணி நேரக் கெடு. டெல் நிறுவனமும் தான் விற்ற சில டிரைவ்களுக்கு இதே 40,000 கணக்கில் ஃபர்ம்வேர் வெளியிட்டது. சர்வர் நிறுவனத்தின் ஸ்டிக்கர் வெளியே இருந்தாலும் உள்ளே இருக்கும் சரக்கு வேறொருவர் செய்தது என்பது பலருக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டு உபயோக டிரைவ்களும் இதற்குத் தப்பவில்லை. குரூஷியல் எம்4 டிரைவ் 5,184 மணி நேரம் ஓடியதும் மயங்கி விழும், அணைத்துப் போட்டால் எழும், ஒரு மணி நேரத்தில் மறுபடியும் விழும். 2012 ஜனவரியில் ஃபர்ம்வேர் வந்த பிறகே அது தெளிந்தது.

இதையெல்லாம் இப்போது எடுப்பதற்குக் காரணம், சென்ற வாரம் நான் எழுதிய ஒரு வரி. பூட் டிரைவுக்கு ரெய்டு-1 போட்டுவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று எழுதிவிட்டேன். (வருமான வரிக்காரர்கள் வரும் ரெய்டு அல்ல, இரண்டு டிரைவில் ஒரே விஷயத்தை எழுதி வைக்கும் ரெய்டு.) அவசரப்பட்டுவிட்டேன். ஒரே மாடல், ஒரே ஃபர்ம்வேர், ஒரே பெட்டியில் வந்து ஒரே நாளில் மின்சாரம் கண்ட இரண்டு டிரைவ்களுக்கு மணிக் கணக்கும் ஒன்றாகத்தானே ஓடும்? மேலே சொன்ன கோளாறு வந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கக் கூடாது என்பார்கள். நாம் இரண்டு மண்குதிரைகளைப் பூட்டிக்கொண்டு இறங்குகிறோம்.

ஆகவே பூட் டிரைவ் வாங்கும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி வேகத்தைப் பற்றியது அல்ல. ஃபர்ம்வேர் எங்கிருந்து வரும், யார் தருவார்கள், சர்வரை நிறுத்தாமல் ஏற்ற முடியுமா என்பதுதான். கடையில் வாங்கிய சாதாரண டிரைவைச் சர்வரில் சொருகினால் ஓடத்தான் செய்யும். ஆனால் அதற்கு ஒரு கோளாறு அறிவிப்பு வந்தால் அது நம் காதுக்கு எட்ட வழியிருக்காது.

இரண்டாவது கேள்வி மின்வெட்டு. “ஓ.எஸ். மட்டும்தானே சார், சின்னதா ஒண்ணு போட்டுக்கலாமே?” என்று கொள்முதல் பிரிவில் கேட்காத ஆண்டு இல்லை. சின்னதாகப் போடலாம், ஆட்சேபமே இல்லை. கெப்பாசிட்டர் இல்லாததைப் போடக் கூடாது. எஸ்.எஸ்.டி.க்குள் எந்தத் தகவல் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு பேரேடு உண்டு. நாள் முழுக்க மாறிக்கொண்டே இருக்கும் அந்தப் பேரேட்டின் புதிய பக்கங்கள், கரண்ட் போனால் அழிந்துவிடும் மெமரியில்தான் பெரும்பாலும் இருக்கும். எழுதும்போது திடீரென்று மின்சாரம் நின்றால், புதிதாக எழுதியது மட்டுமல்ல, என்றோ எழுதி வைத்ததும் முகவரி தொலைந்து போகலாம். என்டர்பிரைஸ் டிரைவ்களில் வரிசையாகக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். மின்சாரம் போன பிறகும் சில மில்லி விநாடிகள் அவை தாங்கும். கையில் இருப்பதை இறக்கி வைக்க டிரைவுக்கு அது போதும்.

அமெரிக்காவின் ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகமும் எச்.பி. ஆய்வகமும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஐந்து நிறுவனங்களின் 15 எஸ்.எஸ்.டி.களை எடுத்து, வேண்டுமென்றே மின்சாரத்தைப் பிடுங்கிப் பிடுங்கிச் சோதித்தார்கள். 13 டிரைவ்கள் ஏதாவது ஒரு வகையில் சொதப்பின. சிலவற்றில் எழுத்து பாதியில் அறுந்தது. மொத்தமாகப் படுத்ததும் உண்டு. யு.பி.எஸ். இருக்கிறதே என்பார்கள். பவர் சப்ளை எரிந்தாலோ, தொங்கிப் போன சர்வரை ஒருவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலோ யு.பி.எஸ். என்ன செய்யும்?

எழுதித் தேய்ந்துவிடுமோ என்ற பயம் பூட் டிரைவுக்குப் பெரும்பாலும் வேண்டாம். 240 ஜி.பி. டிரைவ், தினமும் ஒரு முழு எழுத்து, ஐந்து ஆண்டு என்று போட்டிருந்தால் அது 438 டெராபைட் தாங்கும். லாக் எல்லாம் சேர்த்து நாளைக்கு 10 ஜி.பி. எழுதினாலும் ஐந்து ஆண்டில் 18 டெராபைட்தான் ஆகும். அதிக எழுத்துத் தாங்கும் டிரைவுக்கு இரட்டை விலை கொடுப்பது வீண். அதற்காக எதிர்முனைக்கும் போக வேண்டாம். வி.எம்.வேர் சர்வர்களை எஸ்.டி. கார்டிலிருந்து பூட் செய்வது ஒரு காலத்தில் சகஜம். 2020-இல் வந்த ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. 7, பூட் சாதனத்தில் ஓயாமல் எழுத ஆரம்பித்ததும் கார்டுகள் பொட்டுப் பொட்டென்று போயின. பிறகு அந்த நிறுவனமே எஸ்.டி. கார்டைக் கைவிடச் சொல்லிவிட்டது.

என்டர்பிரைஸ் என்றால் எல்லாவற்றிலும் உசத்தி என்றும் நினைக்க வேண்டாம். ஜெடெக் தர விதிப்படி, ஆயுள் முழுக்க எழுதித் தீர்த்த டிரைவ் மின்சாரம் இல்லாமல் தகவலைக் காக்க வேண்டிய காலம், வீட்டு ரகத்துக்கு 30 டிகிரியில் ஓர் ஆண்டு. சர்வர் ரகத்துக்கு 40 டிகிரியில் மூன்றே மாதம். கழற்றிய பழைய டிரைவை பேக்கப் என்று பீரோவில் போட்டு வைப்பவர்கள் கவனிக்க.

இப்போது சர்வரோடேயே இரட்டை எம்.2 டிரைவ் பொருத்திய பூட் அட்டைகள் வருகின்றன. டெல்லில் பாஸ் என்று பெயர். டேட்டா டிரைவ்களின் இடத்தைத் தின்னாது, ரெய்டை அதுவே பார்த்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான், நானும் அதைத்தான் வாங்குகிறேன். ஆனால் அங்கேயும் வருவது ஒட்டிப் பிறந்த இரட்டையர்.

அதற்கு நான் செய்வது இது. சர்வர் ஓட ஆரம்பித்து ஆறு மாதம் கழித்து, இரண்டில் ஒன்றைக் கழற்றிவிட்டு அதே மாடலில் உதிரியாக வாங்கி வைத்த புது டிரைவைப் போட்டு, ரெய்டு மறுபடி சேரும் வரை காத்திருப்பேன். கழற்றியது அடுத்து வரும் சர்வருக்குப் போகும். “நல்லா ஓடுறதை ஏன் சார் கழட்டுறீங்க?” என்று புதிதாகச் சேரும் பையன்கள் கேட்பார்கள். மாட்டி முடித்ததும் ஸ்மார்ட்சி.டி.எல். போட்டு இரண்டின் ஓட்ட நேரத்தையும் படிக்கச் சொல்வேன். போன வாரம் மாற்றியதில் ஒன்று 4,391 காட்டியது, இன்னொன்று 2.